பன்னிரண்டு ஊசியும் கிணற்றடி மண்ணும்

எனக்கு மூலவியாதி என்பது எங்கள் இணுவில் ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அப்படி ஒன்றுமே இல்லை என்பது எனக்கும் மனைவிக்கும் மட்டுந்தான் தெரியும். இந்தப் பொய்யை ஆக்கியவள் அவள். பொய்களில் இது நல்ல தரமானது. மூலம் என்று சொன்னால் ஒருவரும் மேற்கொண்டு விபரம் கேட்கமாட்டார்கள், காட்டு என்றும் சொல்லமாட்டார்கள். நான் அடிக்கடி பட்டணத்துக்குக் கிளினிக் போவதற்கும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவதற்கும் அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.

உண்மை வேறு. இரவில் சிறுநீர் கழிக்க அடிக்கடி எழும்ப வேண்டியிருக்கிறது என்று வைத்தியரிடம் போனேன். இரத்தம் சோதித்தார்கள். புரொஸ்டேட் சுரப்பியோடு சம்பந்தப்பட்ட பி.எஸ்.ஏ. என்ற ஒரு அளவு, இருக்க வேண்டியதைப்போல மூன்று மடங்கு இருந்தது. உத்தியோகம் பார்த்த காலத்தில் நான் எதிலும் அனுமதித்த அளவைத் தாண்டியவனல்லன். ஓய்வூதியம் எடுத்த பிறகு இப்படி ஒரு முன்னேற்றம்.

எங்கள் ஊரில் புற்றுநோய்க்குப் பெயர் கிடையாது. 'அந்த வருத்தம்' என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அந்த வருத்தமாம் என்று கதை வெளிக்கிட்டால் தோடம்பழப் பைகளோடு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். வந்து இருந்து, மேலும் கீழும் பார்த்து, போகும்போது படலையடியில் நின்று "ஆள் நல்லா மெலிஞ்சிட்டார்" என்று நமக்குக் கேட்கும்படியாக இரகசியம் பேசுவார்கள். கனகாலமாக என் எடை அசையவில்லை என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை. இதற்குப் பயந்துதான் மனைவி மூலத்தைத் தெரிவு செய்தாள். என் தொண்டை தோட்ட வெளிகளில் நின்று விவசாயிகளுக்குக் கத்திக் கத்திப் பழகிய தொண்டை என்பதால், வருத்தத்தைப் பற்றி டெலிபோனில் கதைக்கும் போதெல்லாம் ஓடிவந்து ஜன்னலையும் சாத்திவிடுவாள்.

ஆனால் மூலத்துக்கு வைத்தியம் சொல்லவும் ஊரில் பஞ்சமில்லை. முன்வீட்டிலிருந்து கரணைக்கிழங்கு வந்தது. பின்வீட்டிலிருந்து துத்தி இலை வந்தது. துத்தி இலையை நெய்யில் வதக்கிச் சாப்பிட்டு, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவர்களுக்கு "இப்ப கொஞ்சம் சுகம்" என்று அறிக்கையும் கொடுத்தேன். அந்த நாட்களில் நான் தின்ற கரணைக்கிழங்குக்கு, எனக்கு இனி மூலம் வரவே வராது.

பட்டணத்தில் என்னைப் பார்த்த நிபுணர் இளம் ஆள். நன்றாக விளங்கப்படுத்தினார். அதுதான் அவர் விட்ட பிழை.

"ஐயா, பயொப்சி ஒண்டு செய்யவேணும். சுரப்பியிலை இருந்து ஊசியாலை சின்னச் சின்னத் துண்டு எடுத்துச் சோதிக்கிறது. அதை நாலு விதமாச் செய்யலாம்" என்றார்.

முதலாவது, பின்வழியால் அல்ட்ராசவுண்ட் கருவியைச் செலுத்தி, திரையில் சுரப்பியைப் பார்த்துக்கொண்டு, எல்லாப் பக்கமும் பரவலாகப் பன்னிரண்டு துண்டு எடுப்பது. இரண்டாவது, முதலில் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுத்து, அதில் சந்தேகமான இடம் தெரிந்தால் அந்தப் படத்தை அல்ட்ராசவுண்ட் படத்தின்மேல் மெஷினே பொருத்திக் காட்ட, நேரே அந்த இடத்தில் குத்துவது. மூன்றாவது, மெஷின் இல்லாத இடத்தில் வைத்தியரே எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து, இடத்தை மனதில் பதித்துக்கொண்டு குத்துவது. நாலாவது, பின்வழியை விட்டுவிட்டு அதற்கு முன்னால் உள்ள தோலினூடாக ஊசி போடுவது. கிருமி தொற்றுவது அதில் குறைவு.

"ஸ்கான் எடுத்திட்டுச் செய்தா நல்லம். சந்தேகமான இடத்திலையும் எடுத்து, பரவலாயும் எடுத்தா இன்னும் நல்லம். ஒண்டு விட்டதை மற்றது பிடிக்கும். எப்பிடிச் செய்தாலும் கெதியாச் செய்யுங்கோ, பிந்தாதேங்கோ" என்றார்.

கடைசி வசனம் என் காதில் விழவில்லை. நாலு விதம் என்பது மட்டும் நன்றாக விழுந்தது. ஒரு யாழ்ப்பாணத்தானிடம் நாலு விதம் இருக்கிறது என்று சொல்லியிருக்கக்கூடாது. மருதனார்மடம் சந்தையில் ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்க முன்னம் எல்லாக் குவியலையும் புரட்டிப் பார்த்து, விலை கேட்டு, முதல் குவியலுக்கே திரும்பி வருகிற சாதி நாங்கள். என் சொந்த உடம்பில் குத்தப் போகிற ஊசியை ஒப்பிட்டுப் பார்க்காமல் விடுவேனா?

ஒப்பிடுவதற்கு உதவியாக வெளிநாடுகள் இருந்தன. ரொறன்ரோவில் என் அண்ணை, லண்டனில் மனைவியின் தம்பி. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில், அண்ணைக்கு விடிந்து கோப்பி குடிக்கிற நேரத்தில், மூன்று நாடுகளும் வீடியோவில் கூடும். ஜன்னலைச் சாத்திவிட்டு நாங்கள் என் சுரப்பியைப் பற்றி மாநாடு நடத்துவோம்.

மைத்துனர் போன வருடந்தான் தனக்கு பயொப்சி செய்வித்தவர். ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. அந்தத் தகுதியில் அவர் தோல் வழிக் கட்சியின் தலைவராயிருந்தார்.

"அத்தான், இஞ்சை ஒருத்தரும் இப்ப பின்வழியாலை செய்யிறேல்லை. நீங்கள் இன்னும் பழைய காலத்திலை நிக்கிறியள்" என்றார், ஏதோ அந்தப் பின்வழியை நான்தான் பிடிவாதமாகத் திறந்து வைத்திருப்பதுபோல.

அண்ணை விடவில்லை. "வழி முக்கியமில்லையடா, படந்தான் முக்கியம். கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டு இடத்திலை குத்துறது வைத்தியமே? எம்.ஆர்.ஐ.யைப் பொருத்திக் குத்தவேணும். இப்ப ஸ்கான் குழாய்க்குள்ளையே ஆளை வைச்சுக் குத்திற முறையும் வந்திட்டுது."

அண்ணை கணக்காளராய் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் வரி வரியாய்ப் பார்த்துப் பழகியவர். எந்த முறையில் எத்தனை துண்டு, எந்த முறையில் காய்ச்சல் வரும், எந்த ஸ்கானில் எந்தப் புள்ளிக்கு எத்தனையாம் இலக்கம் கொடுப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். தம்பிக்காக ஒரு மனிதன் இவ்வளவு படிப்பானா என்று நெஞ்சு நெகிழ்ந்து போயிருந்தேன். ஒருமுறை மட்டும் கேட்டேன்: "அது சரி அண்ணை, ஊசி குத்தேக்கை நோகுமோ?"

எல்லாக் கேள்விக்கும் முந்திரிக்கொட்டையாய் முந்துகிறவர், இதற்கு மட்டும் லைன் கிளியரில்லை என்றார். எனக்கு அவரின் முகத்தில் இருந்த மயிரைக்கூட எண்ணக்கூடிய அளவுக்குக் கிளியராய்த் தெரிந்தது.

ஒவ்வொரு மாநாடும் ஒரே தீர்மானத்தோடு முடியும்: அவசரப்படாதே. "கொஞ்சம் பொறு. கொழும்பிலை புது மெஷின் வரப்போகுதாம்" என்பார் அண்ணை. "ஸ்கானிலை ஒண்டும் இல்லையெண்டு வந்திட்டா ஊசியே தேவையில்லையெல்லே" என்றும் சொல்வார். அந்தக் கடைசி வசனம் எனக்குத் தேனாய் இனிக்கும். ஸ்கான் எடுக்காதவரைக்கும் ஸ்கானில் ஒன்றும் இல்லைத்தானே. அப்படியே வைகாசி போய் ஆனி வந்து, ஆனி போய் ஆடியும் வந்தது. நான் ஒப்பிட்டுக்கொண்டேயிருந்தேன். பட்டணத்து நிபுணர் எழுதித் தந்த கடிதத் துண்டு சட்டைப் பையில் இருந்தபடியே ஒருமுறை சலவையும் கண்டது.

இதற்கிடையில் அண்ணி மனைவிக்குத் தனியாக டெலிபோன் எடுத்தா.

"இஞ்சை இவருக்கு மூலம் தங்கச்சி. வருசக்கணக்கா இருக்குதாம், இப்பதான் எனக்கே சொன்னவர். ரெஸ்ற் எண்டு போறார், வாறார், ஒண்டும் சொல்லுறாரில்லை. வெளியிலை கதைச்சிடாதேங்கோ. தம்பிக்குக் குடுக்கிற துத்தி இலை கொஞ்சம் காயவைச்சு அனுப்புவியளே?"

அண்ணிக்கு நாங்கள் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை. அண்ணியின் வாய்க்கும் எங்கள் ஒழுங்கைக்கும் இடையில் கடல்கள் கிடந்தாலும் தூரம் குறைவு. ஆகவே அவவுக்கும் எனக்கு மூலந்தான். மனைவி ஒருகணமும் யோசிக்கவில்லை. பின்வீட்டு வேலியில் துத்தி இலை பறித்து, நிழலில் உலர்த்தி, பால்மாப் போத்தலில் அடைத்து, கனடாவுக்குப் போன ஒரு கலியாணப் பகுதியாரிடம் கொடுத்துவிட்டாள். மூலம் என்ற பொய்யைக் கண்டுபிடித்த அதே ஆள்!

ஒருநாள் காலை உரும்பிராயிலிருந்து ஒரு வெங்காயக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். நான் விவசாயப் போதனாசிரியராய் இருந்த காலத்துப் பழக்கம். வெங்காயத் தாள் நுனி கருகுகிறதாம். சோதிக்க மண் கொண்டு வந்திருந்தார். பையைத் திறந்தேன். கையில் எடுத்து மணக்க வேண்டும்போல, பொலபொலவென்று, கறுத்துச் சிவந்த செம்பாட்டு மண். இப்படி ஒரு மண்ணில் மனிதனை நட்டாலும் முளைப்பான்.

"இது எந்த இடத்திலை எடுத்தது?"

"கிணத்தடி வாழைக்குக் கீழை ஐயா."

"வெங்காயம் கருகுறது எங்கை?"

"அது அங்காலை, மேற்குப் பக்க வேலியடி."

"அப்ப அந்த மண்ணை ஏன் கொண்டுவரேல்லை?"

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அந்த மண்ணைக் குடுத்தா றிப்போட் மோசமாயெல்லே ஐயா வரும்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. என் உத்தியோக காலம் முழுவதும் இதே கூத்துத்தான். தோட்டம் முழுவதும் குறுக்கும் நெடுக்குமாய் நடந்து, பல இடத்திலும் கொஞ்சங் கொஞ்சமாய் எடு, பழுதான இடத்தில் வேறாகவும் எடு என்று வாய் கிழியச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் தலையாட்டிவிட்டு, தங்கள் தோட்டத்திலேயே அழகான மண்ணை, மாப்பிள்ளைக்குப் படம் அனுப்புவதுபோலத் தெரிந்தெடுத்துக் கொண்டு வருவார்கள். றிப்போட் நன்றாக வரும். பயிர் சாகும். அன்றைக்கு அவரைப் பிடித்து, முழு ஆணவத்தோடும் ஒரு விரிவுரை அடித்தேன். சோதனை என்பது சந்தோசப்படுவதற்கல்ல, பழுதைக் கண்டுபிடிப்பதற்கு என்றேன். அவர் பையைக் கட்டிக்கொண்டு தலையைச் சொறிந்தபடி போனார்.

குசினி வாசலில் மனைவி நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, உந்த மனுசன் பாவம், அவரை ஏன் பேசினியள்? நீங்களும் அண்ணையும் இவ்வளவு நாளும் கிணத்தடி மண்தானே தேடுறியள்."

"என்ன கதை இது?"

"எந்த மெஷின் வருத்தத்தைக் கண்டுபிடிக்கும் எண்டே பாத்தனியள்? எது கண்டுபிடிக்காமல் விடும் எண்டெல்லே பாக்கிறியள். எனக்கு மனுசன் வேணும். எந்த வழியாலை குத்தினாலும் எனக்குக் காரியமில்லை." சொல்லிவிட்டு உள்ளே போய், கரணைக்கிழங்கை வெட்டத் தொடங்கினாள். கத்தி பலகையில் விழுந்த சத்தத்தில் அவள் அழுகிறாள் என்பது தெரிந்தது.

எனக்குப் பயம். அதை இங்கே நேரே எழுதிவிடுகிறேன். நாலு விதத்தையும் நான் படித்தது அறிவுக்காக அல்ல, பயத்துக்காக.

அந்தக் கிழமையே கொழும்புக்கு ரயில் ஏறினோம். ஸ்கான் குழாய்க்குள் கிடந்தபோது கோயில் திருவிழாவில் மேளத்துக்கு மிக அருகில் மாட்டிக்கொண்டவன் நிலைமைதான், சுவாமி மட்டும் வரவில்லை. படத்தில் சுரப்பியின் இடப்பக்கம் சந்தேகமான ஒரு இடம் தெரிந்தது. படத்தைப் பொருத்துகிற புது மெஷின் வந்துவிட்டது, ஆனால் அதற்கு நாள் கிடைக்கக் கனநாளாகும் என்றார்கள். பொறு என்று அண்ணை சொல்வார் என்பது தெரிந்ததால் அண்ணைக்குச் சொல்லாமலே ஊர் திரும்பி, பட்டணத்து நிபுணரிடம் போனேன்.

"படம் இருக்கெல்லே, அது போதும். நான் பாத்துச் செய்யிறன்" என்றார். ஏன் முந்தியே வரவில்லை என்று ஒரு சொல் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாய் இருந்திருக்கும்.

கிருமிக்கு மருந்து குடித்துவிட்டு, இடப்பக்கம் சரிந்து, முழங்கால் இரண்டையும் நெஞ்சுக்கு மடித்துக்கொண்டு கிடந்தேன். ஊரில் நாலுபேர் மதிக்கிற மனிதன் கிடக்கக்கூடிய கோலமல்ல அது. ஒருபக்கத் திரையில் கொழும்புப் படம், மறுபக்கத் திரையில் என் சுரப்பியின் நேரடி ஒளிபரப்பு. நிபுணர் இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணையின் பெறுமதியான மெஷின் செய்கிற வேலையை அந்தப் பெடியன் தன் மண்டைக்குள் செய்துகொண்டிருந்தார். விறைக்க ஊசி போட்டபின் "முதல் சந்தேகமான இடத்திலை எடுக்கிறன், பிறகு எல்லாப் பக்கமும் பரவலா எடுக்கிறன்" என்றார்.

"குறுக்கும் நெடுக்குமா எடுங்கோ" என்றேன், பழக்கதோசத்தில்.

"ஐயா, ஆடாதேங்கோ."

கந்தோரில் தாள் தைக்கிற ஸ்ரேப்ளர் சத்தம் வந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் உள்ளே யாரோ சுண்டிவிட்டதுபோல ஒரு நோவு. முதல் சிலவற்றுக்கு முருகனைக் கூப்பிட்டேன். பிறகு வைரவரையும் சேர்த்துக்கொண்டேன். எழும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. மூன்று மாதம் மூன்று நாடுகள் கூடி ஆராய்ந்த விசயம், மனைவி வெளியே ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரத்துக்குள் முடிந்துபோனது. சிலநாள் சிறுநீரில் இரத்தம் போனது. மூலத்தால் என்று ஒழுங்கையே எனக்காகக் கவலைப்பட்டது.

முடிவு வந்த அன்று மனைவியும் கூட வந்தாள். நிபுணர் சுற்றி வளைக்கவில்லை.

"இருக்குது ஐயா. ஸ்கான் காட்டின இடத்திலையும் இருக்குது. ஸ்கான் ஒண்டுமில்லையெண்டு காட்டின வலப்பக்கத்திலையும் ஒரு துண்டிலை இருக்குது. பரவலா எடுத்ததாலை பிடிபட்டது. ஆனா சுரப்பியை விட்டு வெளியாலை போகேல்லை. வைத்தியம் செய்து மாத்தலாம். இன்னும் பிந்தியிருந்தா இப்பிடிச் சொல்லியிருக்க மாட்டன்."

மனைவி என் கையைப் பிடித்தாள். நாங்கள் பொது இடத்தில் கை பிடிக்கிற ஆட்களில்லை. பஸ்ஸிலும் அவள் அதை விடவில்லை. ஸ்கான் நல்லது என்று சொன்ன பக்கத்திலிருந்து வந்த அந்த ஒரு துண்டையே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணை சொன்னபடி கேட்டிருந்தால் அந்தப் பக்கத்தில் ஊசி படாமலே போயிருக்கும்.

அன்று பின்னேரம் அண்ணைக்குத் தனியாக எடுத்தேன். கோபத்தோடுதான் எடுத்தேன். அவரின் புது மெஷின், குழாய்க்குள் வைத்துக் குத்துகிற முறை, கொஞ்சம் பொறு என்ற வேதவாக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து நாலு கேள்வி கேட்பதென்று வசனம்கூட ஆயத்தமாய் வைத்திருந்தேன். அவர் குசினி மேசையில் தனியாக இருந்தார்.

"அண்ணை, எடுத்தாச்சு. அந்த வருத்தந்தான். ஆனா நேரத்துக்குப் பிடிச்சிட்டினம்."

எந்த முறை என்று கேட்பார், எத்தனை துண்டு என்று கேட்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் கையருகே எங்கள் மாப்போத்தல் இருந்தது. துத்தி இலை கழுத்துவரைக்கும் அப்படியே இருந்தது. ஒரு இலை குறையவில்லை.

"டேய் தம்பி," என்றார், மிகவும் மெதுவாக. "ஊசி குத்தேக்கை நோகுமோடா?"

ஆயத்தமாய் வைத்திருந்த வசனங்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. போத்தலைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். எல்லா மெஷினையும் தலைகீழாய்ப் படித்தது எனக்காக என்று நான் நெகிழ்ந்து போயிருந்த ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகம் வந்தன.

"உங்களுக்கு எவ்வளவு காலமா மூலம் அண்ணை?"

"ரெண்டு வருசமாகுது."

"என்ரை மூலமோ?"

அவர் ஓமென்று தலையை ஆட்டினார். பி.எஸ்.ஏ. இலக்கம் என்னுடையதைவிடக் கூட என்றார். அண்ணிக்குத் தெரியாது என்றார். எந்த முறை நல்லதென்று பார்த்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். வாழ்நாளில் முதல்தடவையாக அவர் எனக்குத் தம்பிபோலத் தெரிந்தார்.

"நோகும் அண்ணை. பொறுக்கலாம். அண்ணியைக் கூப்பிடுங்கோ."

"வேண்டாமடா. அவள் தாங்கமாட்டாள்."

"கூப்பிடுங்கோ."

"கொஞ்சம் பொறு..."

அந்தச் சொல்லை இன்னொருதரம் கேட்க என்னால் முடியவில்லை. டெலிபோனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, உரும்பிராய்த் தோட்ட வெளியில் அந்தக் கடைசித் தொங்கலில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற குரலில், "அண்ணி! அண்ணி!" என்று கத்தினேன். கனடாவில் எங்கேயோ ஒரு கதவு திறந்தது. "என்ன தம்பி, என்ன?" என்று அண்ணி பதறிக்கொண்டு ஓடி வந்தா.

"அண்ணி, துத்தி இலையை எறியுங்கோ! அண்ணைக்கு மூலமில்லை. எனக்கும் மூலமில்லை!"

எங்கள் ஜன்னல் திறந்திருந்தது. ஒழுங்கையில் யாரோ சைக்கிளை நிறுத்தினார்கள். முன்வீட்டில் பேச்சுச் சத்தம் நின்றது. மனைவி அறை வாசலில் வந்து நின்றாள். ஜன்னலைச் சாத்த அவள் போகவில்லை.